பழுது இல்லை என்று நான் எழுதிய அட்டை

தேனியில் நான் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையின் சர்வீஸ் பிரிவில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, கீபோர்டுல வால்யூம் கம்ப்ளெய்ண்ட்டுக்கு என்னென்ன காரணம் உண்டோ, ஒரு லிஸ்ட்டா எழுதிக் குடுத்தீகன்னா செவத்துல ஒட்டி வச்சுக்கிருவோம்" என்றார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவனிடம் வந்து இப்படிக் கேட்டால் கசக்குமா? அன்று மத்தியானமே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பதினாறு காரணங்கள் வந்தன. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், என்னைப் படாத பாடு படுத்திய ஒரு கேஸ் அந்தப் பதினாறில் எதிலும் அடங்கவில்லை. லிஸ்ட்டை அன்றே அனுப்பிவிட்டேன். இது அந்தப் பதினேழாவது.

எனக்குச் சொந்த ஊர் குச்சனூருக்குப் பக்கம். வீட்டில் தென்னையும் கொஞ்சம் நெல்லும். எனக்கு மண்வெட்டியைவிட ஸ்க்ரூடிரைவர்தான் கைக்குப் பொருந்தியது. ரேடியோ, டிவி மெக்கானிசம் படித்தேன். அல்லிநகரத்தில் ஒருவரிடம் இரண்டு வருடம் டிவி கழற்றினேன். பிறகு இந்தக் கடையில் சேர்ந்து முப்பத்தோரு வருடம் கழித்து வெளியே வந்தேன். பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான். இதில் வேடிக்கை, எனக்கு ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான கீபோர்டுகளைத் தொட்ட விரல் இன்றைக்கும் நாலு கட்டையைத் தாண்டினால் தடுமாறும். ஆனால் ஒரு கட்டையை அமுக்கினால் எவ்வளவு சத்தம் வர வேண்டும் என்பது மட்டும் என் காதுக்கு நன்றாகத் தெரியும்.

அடியோடு செத்துப்போன கீபோர்டு மெக்கானிக்குக்கு ஒரு பொருட்டே அல்ல. திறந்தால் காரணம் கண் முன்னால் இருக்கும். வால்யூம் கம்ப்ளெய்ண்ட்தான் ஆளைக் கொல்லும். வீட்டில் முனகும், கடைக்கு வந்ததும் சமர்த்தாகப் பாடும். கொண்டுவந்தவர் நம்மைப் பார்ப்பார், நாம் அவரைப் பார்ப்போம், இரண்டு பேருமே அசடு வழிவோம்.

வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் இதில் குழப்பமே இருக்காது. ஆயுத பூஜை முடிந்த வாரம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கச்சேரிக் குழுக்காரர்கள் வரிசையாக வந்துவிடுவார்கள். பூஜையன்று கீபோர்டைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்து, சந்தனம் குழைத்து, எங்கே பொட்டு வைப்பார்கள் தெரியுமா? அடிக்கடி கை படும் இடம் என்று வால்யூம் ஸ்லைடர் மேலேயே வைப்பார்கள். சந்தனம் அந்தப் பிளவு வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்துவிடும். பாதி தூரம் தள்ளினால் கரகர என்னும், அதற்கு மேல் சத்தமே இருக்காது. ஒருமுறை சுத்தம் செய்து கொடுத்தபோது வாசிப்பவர் முகம் வாடிவிட்டது. "பூசையில வச்ச சந்தனம்ணே, அதப் போயி சொரண்டிட்டீகளே" என்றார். சுரண்டியதை ஒரு காகிதத்தில் மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். பயபக்தியாக வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு போனார்.

இப்படி என் மேஜைக்கு நானே ராஜாவாகப் பத்து வருடத்துக்கு மேல் இருந்தேன். அப்போதுதான் முதலாளி ஜெயராணியைத் தலைமை மெக்கானிக்காகக் கொண்டுவந்தார். மதுரையில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர், என்னைவிட ஏழு வயது இளையவர். என்னை "முருகேசண்ணே" என்று கூப்பிடுவார். நான் "மேடம்" என்பேன். அவருடைய அண்ணேயில் மரியாதை இருந்தது. என்னுடைய மேடத்தில் கொஞ்சம் நக்கல் இருந்தது, மறைப்பானேன்.

ஜெயராணி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வந்த முதல் வாரமே மஞ்சள் அட்டைகளை அச்சடித்து மேஜையில் வைத்தார். எந்த மிஷின் வந்தாலும் முதலில் அட்டை. அதில் வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "வால்யூம் கம்மி" என்று நான் சுருக்கி எழுதினால் சிவப்புப் பேனாவால் அடியில் ஒரு கோடு போடுவார். அதற்கு அர்த்தம், போய் மறுபடி கேட்டுவிட்டு வா. கேட்க வேண்டியவை நாலு. எப்போது ஆச்சு, எங்கே வைத்து ஆச்சு, யார் வாசித்தார்கள், கூட என்னென்ன மாட்டியிருந்தது. அதன் பிறகு சோதனை வெளியிலிருந்து உள்ளே போகும். அடாப்டர், வயர், ஹெட்ஃபோன் ஓட்டை, குமிழ், பெடல், செட்டிங். இத்தனையும் பார்த்து முடித்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க அனுமதி.

ஆள் பேசும்போது ஜெயராணி மிஷினைப் பார்க்கவே மாட்டார். பேசுகிறவரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வாயால சொல்லாம விட்டதக் கை செஞ்சு காட்டிரும்ணே" என்றார்.

அது வெறும் பேச்சில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. போடியிலிருந்து ஒரு மிளகு வியாபாரி தன் மகளுக்கு வாங்கிய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சத்தமே வரவில்லை, நீங்கள் விற்றது டூப்ளிகேட் என்று ஒரே கூப்பாடு. நான் அதற்குள் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டேன். ஜெயராணி நிதானமாக, "வீட்ல யாரு வாசிச்சா சத்தம் வருது?" என்று கேட்டார். "நான் தட்டுனா நல்லாத்தான் வருது. பாப்பா தட்டுனாத்தான் வரல" என்றார் வியாபாரி. சொல்லும்போதே அவர் கை மேஜையில் நங்கென்று இறங்கியது. பாப்பாவுக்கு ஆறு வயது. அந்த மாடல் விரலின் வேகத்துக்குத் தகுந்த மாதிரி சத்தம் கொடுக்கும். ஜெயராணி அந்தத் தொடு வசதியை அணைத்துக் கொடுத்தார். பஞ்சு மாதிரி தொட்டாலும் முழுச் சத்தம் வந்தது. நான் மூன்று ஸ்க்ரூவையும் திரும்ப மாட்டினேன். அன்றிலிருந்து என் மேடத்தில் நக்கல் கொஞ்சம் குறைந்தது.

இருந்தாலும் ஜெயராணி சொன்ன ஒன்றை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கம்ப்ளெய்ண்ட் நம்ம கைல சிக்கலன்னா, பழுது இல்லைன்னு மட்டும் எழுதாதீகண்ணே. நம்ம மேஜைல பழுது தெரியலைன்னு எழுதுங்க" என்பார். ரெண்டும் ஒன்றுதானே மேடம் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இனி அந்தக் கேஸ்.

போடியில் ஒரு சர்ச். அதன் கமிட்டிச் செயலர் தங்கராஜ் ஒரு சனிக்கிழமை தன் வேனில் கீபோர்டை ஏற்றிக்கொண்டு வந்தார். பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவர், கம்பம் பக்கம் தென்னந்தோப்பும் உண்டு. நல்ல மனிதர், ஆனால் எதிலும் அவசரம். "ஆராதனை நடுவுல திடீர்னு சத்தம் எறங்கிருது தம்பி. அப்பறம் பாத்தா, திடீர்னு ஏறிக்கிருது. போன தடவ மௌன ஜெபத்துல எல்லாரும் கண்ண மூடி ஒக்காந்திருக்கோம், பாம் போட்ட மாதிரி ஒரு சத்தம். ஒரு வயசான அம்மா பயந்து எந்திரிச்சே நின்னுட்டாக" என்றார். அன்று உதிரிபாகம் வாங்க மதுரைக்குப் போன ஜெயராணி செவ்வாய்க்கிழமைதான் திரும்பினார். திங்கட்கிழமை வரை வைத்திருந்து சோதித்தேன். காலையில் போட்டேன், வெயிலில் போட்டேன், தட்டினேன், குலுக்கினேன். மிஷின் குயில் மாதிரி பாடியது. குமிழைச் சுத்தம் செய்து, அட்டையில் 'மிஷினில் பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். யார் வாசிக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கூட என்ன மாட்டியிருக்கிறது என்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா கடைப் படியேறி வந்தார். பருத்திச் சேலை, கையில் ஒரு டைரி. வயது எழுபதை நெருங்கியிருக்கும். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "பழுது இல்லைன்னு எழுதுனது யாரு தம்பி?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"நான் எஸ்தர் டீச்சர். போடி சர்ச்சுல முப்பது வருசமா வாசிக்கிறவ. மொதல்ல ஆர்மோனியம், அப்பறம் இது. நீங்க எழுதுன அட்டையக் கமிட்டியில வாசிச்சாக. மிஷின்ல பழுது இல்லைன்னா, அப்பப் பழுது யாரு? நான்தான்னு ஆயிருச்சு. டீச்சருக்கு வயசாயிருச்சு, கை எங்கயோ படுது, தெரிய மாட்டேங்குதுங்கறாக. இன்னும் ஒரே ஒரு தடவ இப்படி ஆச்சுன்னா, நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர், என் தங்கச்சி மகன் வாசிக்கட்டும்னு தங்கராசு சொல்லிட்டாக."

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் குத்தியது. அந்த மூன்று வார்த்தையை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அது போடி வரைக்கும் போய் ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பும் என்று நான் கண்டேனா?

ஜெயராணி எழுந்து வந்து டீச்சருக்கு நாற்காலி போட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது அட்டை எடுத்து டீச்சரிடம் நாலு கேள்வியையும் கேட்டார். நாலாவது கேள்விக்கு டீச்சரின் வலது கால் தரையில் மெதுவாக ஒரு தடவை அமுங்கி எழுந்தது. ஜெயராணி அதைப் பார்த்துவிட்டார்.

"பெடல் உண்டா டீச்சர்?"

"உண்டே. ஜெபத்துக்கு மெதுவா வாசிக்கணும்ல, அதுக்கு. மிதிச்சா சத்தம் அடங்கும், கால எடுத்தா பழையபடி வரும். அது தரையில டேப் போட்டு ஒட்டிக் கெடக்கு. மிஷின மட்டும்தான் வேன்ல ஏத்துனாக."

ஜெயராணி என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்ம பாத்தது பாதி மிஷின்தாண்ணே" என்றார்.

டீச்சரின் டைரியில் ஒவ்வொரு ஞாயிறும் வாசித்த பாட்டுகளின் பட்டியல் இருந்தது. நாலு இடத்தில் மட்டும் ஓரத்தில் 'சத்தம் போச்சு' என்று எழுதியிருந்தார். நாலுமே காணிக்கைப் பாட்டு. அதுவரை சரியாக இருந்த சத்தம், காணிக்கை எடுக்கும்போது சட்டென்று இறங்கிவிடும். குமிழை முழுக்கத் திருகி எப்படியோ ஒப்பேற்றுவார். பிறகு மௌன ஜெபம் வரும், அடக்கி வாசிக்கலாம் என்று பெடலை மிதித்தால் அடங்குவதற்குப் பதில் கோவிலே அதிரும். ஜெயராணி அந்த நாலு ஞாயிறுக்கும் இடையே எத்தனை வாரம் என்று எண்ணினார். ஏழு, ஆறு, ஏழு. கடைசியாக ஆகி ஐந்து வாரம் முடிந்திருந்தது. "மிஷினுக்குத் தேதி தெரியாதுண்ணே. அங்கன என்னமோ நடக்குது. நீங்களே நேர்ல போயிப் பாத்துட்டு வாங்க. இந்த வாரம் இல்லாட்டி அடுத்த வாரம் அது மறுபடி வரணும்" என்றார்.

நான் போனேன். முதல் ஞாயிறு எதுவுமே ஆகவில்லை. ஆராதனை முடிந்ததும் பெடலைக் கழற்றிப் பார்த்தேன், வயரை மடக்கிப் பார்த்தேன், எல்லாம் புதுசு மாதிரி இருந்தது. "என்ன தம்பி, இன்னக்கும் பழுது இல்லையா?" என்று தங்கராஜ் கேட்டார். அடுத்த வாரமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு இன்னும் சீக்கிரமாகவே போய், செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் கீபோர்டு இருந்தது. துணி முன்பக்கம் தரை வரை தொங்கியது. டீச்சர் வந்து என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் பாட்டு கணீரென்று வந்தது. இரண்டாவதும் அப்படியே. பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பாட்டு தொடங்கியது. நான் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். டீச்சருக்கு எப்படி இருந்திருக்கும்!

போடி, கம்பம் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் விளைந்ததில் முதல் பங்கை முதற்பலன் என்று கொண்டுவந்து வைப்பார்கள். திராட்சைக் கூடை, வாழைத்தார், ஏலக்காய்ப் பை என்று எது விளைந்ததோ அது வரும். காணிக்கைப் பாட்டின்போது அதையெல்லாம் எடுத்துப் போய்ப் பீடத்தின் முன் படைப்பார்கள். அன்று இரண்டாவது சரணத்தில் கோயில்பிள்ளை எழுந்து வந்தார். சர்ச்சைத் திறந்து பெருக்கி மணியடிக்கும் பணியாளரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் குனிந்து கீபோர்டு மேஜைத் துணியை விலக்கி, அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்துத் தோளில் ஏற்றினார். மூட்டை நகர்ந்த அதே நொடியில் சத்தம் பொத்தென்று இறங்கியது.

சாக்கின் வாயில் தேங்காய் மட்டை எட்டிப் பார்த்தது. தென்னை வைத்திருக்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆறு வாரத்துக்கோ ஏழு வாரத்துக்கோ ஒரு காய் வெட்டு. எங்கள் தோப்பிலும் அதே கணக்குத்தான். டைரியில் இருந்த ஏழு, ஆறு, ஏழு எல்லாம் மரத்தின் கணக்கு.

இந்த மாதிரி கீபோர்டுக்கு ஒரு குணம் உண்டு. கரண்ட் வந்த அந்த நொடியில் பெடல் எப்படி இருக்கிறதோ, அதுதான் கால் வைக்காத நிலை என்று எடுத்துக்கொள்ளும். காலையில் மூட்டை பெடல்மேல் உட்கார்ந்திருக்கும்போது சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். அமுங்கிய நிலைதான் இயல்பு என்று மிஷின் நம்பிவிட்டது. மூட்டை இருக்கும்வரை சத்தம் சரியாக இருக்கும். மூட்டையை எடுத்ததும் யாரோ பெடலை மிதித்ததாக நினைத்துச் சத்தத்தை அடக்கிவிடும். டீச்சர் மிதித்தாலோ முழுச் சத்தத்தையும் திறந்துவிடும். எல்லாம் தலைகீழ்.

இது எனக்கு விளங்கி நிமிர்ந்தபோது டீச்சரின் வலது கை குமிழை முழுக்கத் திருகி முடித்திருந்தது. போதகர் "மௌனமாக ஜெபிப்போம்" என்றார். இனி அவர் பெடலை மிதிப்பார். மிதித்தால் முப்பது வருடம் அதோடு முடிந்தது.

எழுந்துவிட்டேன். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். வெறுங்காலில் சத்தமில்லாமல் நடந்து போய் டீச்சர் காதருகே குனிந்து, "பெடல மிதிக்காதீக டீச்சர். காலே வேண்டாம். கைய மட்டும் வச்சு வாசிங்க" என்றேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. காலைப் பின்னால் இழுத்து நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். அடங்கிய சத்தத்தில், ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மெதுவாக இசை வந்தது. திரும்பி என் இடத்துக்கு நடந்தபோதுதான் பார்த்தேன், சர்ச்சில் ஒருவர் மட்டும் கண்ணை மூடவில்லை. தங்கராஜ்.

ஆராதனை முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வந்தார். "ஜெபத்துல எந்திரிச்சு நடக்கறீகளே, என்ன பழக்கம் இது?" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பீடத்தின் முன்னிருந்த மூட்டையை இங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். கோயில்பிள்ளை கொண்டுவந்தார். கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போடச் சொன்னேன். டீச்சர் வாசித்தார், மிதித்தார், சத்தம் ஒழுங்காக அடங்கியது. மறுபடி அணைக்கச் சொன்னேன். மூட்டையைத் தூக்கிப் பெடல்மேல் வைத்துவிட்டுப் போடச் சொன்னேன். டீச்சர் வாசிக்க வாசிக்க மூட்டையை இழுத்தேன். சத்தம் பொத்தென்று விழுந்தது. "இப்ப மிதிங்க டீச்சர்" என்றேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கோயில்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "நடவழியில கெடந்தா யாராச்சும் தடுக்கி விழுவாகன்னு நான்தான் உள்ள தள்ளி வப்பேன். கூடையெல்லாம் செவத்தோரமா இருக்கும். மூட்ட பெருசு, இங்கனதான் எடம். வச்சுட்டுத்தான் போயி மெயினப் போடுவேன். மைக்கும் கீபோர்டும் ஒண்ணாத்தான் எரியும்" என்றார்.

"மூட்ட இருக்கற அன்னக்கி நானும் கால ஓரமா ஒதுக்கித்தான் வச்சுக்கிருவேன். அதுலதான் வெனைன்னு நெனச்சுப் பாத்தனா?" என்றார் டீச்சர்.

"யாரு மூட்ட இது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

தங்கராஜ் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கில் அவருடைய கடைப் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. "நம்ம தோப்புக் காய்தான்" என்றார் மெதுவாக. "வெட்டுக்கு வெட்டு மொத மூட்ட கோவிலுக்கு. எங்கப்பா காலத்துல இருந்து."

டீச்சர் சிரித்துவிட்டார். "காணிக்கையக் கர்த்தர் ஏத்துக்கிட்டாரு தங்கராசு. கீபோர்டுதான் மாட்டேன்னுருச்சு." தங்கராஜும் சிரித்தார். சிரித்துவிட்டு, எல்லார் முன்னாலும் கைகூப்பி, "டீச்சர், நான் அவசரப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக" என்றார். பெரிய மனுஷர் அப்படிக் கேட்டதும் எனக்கு இன்னும் வெட்கமாகப் போனது. அவர் அவசரப்பட்டது என் கையெழுத்தை நம்பித்தானே?

"அந்த மஞ்ச அட்டை இருக்குங்களா?" என்று கேட்டேன். கமிட்டிக் கோப்பிலிருந்து எடுத்து வந்தார்கள். நான் எழுதியிருந்த வரியின் கீழே, மேஜையில் வைத்து, எல்லாரும் பார்க்க எழுதினேன்.

'நேரில் வந்து பார்த்தேன். மிஷினில் பழுது இல்லை. வாசிப்பவரிடமும் பழுது இல்லை. தேங்காய் மூட்டையைப் பீடத்தின் பக்கமே வைக்கவும்.'

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "தேதி போடுங்க தம்பி" என்றார். போட்டேன்.

திங்கட்கிழமை நடந்ததையெல்லாம் ஜெயராணியிடம் சொல்லி, அட்டையின் படத்தைப் போனில் காட்டினேன். மறுபடியும் பழுது இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன், சிவப்புக் கோடு விழும் என்று நினைத்தேன். இரண்டு முறை படித்தார். "இப்ப எழுதலாம்ணே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அன்று அவரை மேடம் என்று கூப்பிட்டபோது அதில் நக்கல் துளிகூட இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

அதன் பிறகு எஸ்தர் டீச்சர் ஐந்து வருடம் வாசித்தார். வெட்டு முடிந்த ஞாயிறுகளில் தங்கராஜ் கோயில்பிள்ளையை விடாமல் தானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவாராம். கீபோர்டுப் பக்கம் வரும்போது, "தள்ளித்தான் போறேன் டீச்சர், பயப்படாதீக" என்பாராம். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் டீச்சர் தானாகவே எழுந்து, "போதும்ப்பா. இனி நான் உக்காந்து பாடப் போறேன்" என்று சொல்லிவிட்டு முதல் வரிசைக்குப் போய்விட்டார். எனக்கும் அழைப்பு வந்திருந்தது, நானும் இருந்தேன். யாரும் அவரை எழுப்பவில்லை. அவருக்குத் தோன்றிய நாளில் அவர் எழுந்தார். அன்று பஸ்ஸில் தேனி வரும்வரை எனக்கு மனசு நிறைந்திருந்தது.

லிஸ்ட் கேட்ட தம்பிகளே, பதினாறையும் சுவரில் ஒட்டியிருப்பீர்கள். கீழே கொஞ்சம் இடம் இருந்தால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினேழு: பெடலையும் கொண்டுவரச் சொல்லவும். வாசிப்பவரையும் வரச் சொல்லவும்.